கடைக்கண்டம் சென்றடைந்த நேரம்

பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் எழுதிக்கொள்வது.

சென்ற மாதம் உங்களுடைய பயிற்சி வகுப்புக்கு, ஓய்வுபெற்றவன் என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தீர்கள். அன்று உங்களுக்கு ஒரு படிவம் தரப்பட்டது. தொழிலில் அடுத்த ஐந்தாண்டுகளில் அடைய விரும்புவது யாது, சொந்த வாழ்வில் அடைய விரும்புவது யாது என்று அதில் கேட்டிருந்தார்கள். நீங்கள் பேனையைக் கடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த தங்கை ஒருத்தி என்னைப் பார்த்து, "சேர், உங்கட காலத்திலயும் இப்பிடி இலக்கெல்லாம் எழுதினீங்களா?" என்று கேட்டாள்.

"ஓம் புள்ள, எழுதினன்."

"எத்தின நிறைவேறிச்சு சேர்?"

"எல்லாமே நிறைவேறிச்சு."

எல்லோரும் கைதட்டினீர்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கைதட்டலுக்கு நடுவே சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

நான் கல்முனைக்குத் தெற்கே, கடற்கரையோர ஊரொன்றில் பிறந்தவன். வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போனபோது பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அரிசி ஆலையொன்றில் நெல் மூட்டைகளுக்கு அடையாளம் எழுதும் வேலைக்குப் போனேன். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி எங்கள் கரையைப் புரட்டிப் போட்ட பிறகு, வாய்க்கால்களில் விழுந்து கிடந்த மரங்களை அகற்றுவதற்கு எமது நீர்ப்பாசனத் திணைக்களம் நாட்கூலிக்கு ஆள் சேர்த்தது. கோடரியோடு போனவர்களில் நானும் ஒருவன். மரங்கள் தீர்ந்த பின்னர் மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள். என்னுடைய கையெழுத்து நேராக இருக்கிறது என்ற ஒரே காரணத்தினால் என்னை மட்டும் தற்காலிக மேற்பார்வையாளராக வைத்துக்கொண்டார்கள்.

இப்போது நான் எழுதும் இந்தத் தமிழ் எந்த ஆசிரியரும் கற்பித்ததன்று. சுற்றறிக்கைகளையும் அலுவலகக் கோப்புகளான பழைய கோவைகளையும் திரும்பத் திரும்ப வாசித்து நானாகச் சேர்த்துக்கொண்டது. இதில் ஓர் ஆபத்து இருப்பதை வெகுகாலம் கழித்தே உணர்ந்தேன். சுற்றறிக்கைத் தமிழில் எதையும் நடந்து முடிந்ததாக எழுதிவிடலாம். நடத்தியவன் யார் என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

என்னை அனுப்பிய இடம் இறக்காமத்துக்கு அப்பாலுள்ள ஒரு குளம். குளத்தின் தலைமதகிலிருந்து ஒரு வாய்க்கால் புறப்பட்டு ஏழு மைல் தூரம் போகும். அதன் இரு பக்கமும் வயல்கள் கண்டம் கண்டமாகப் பிரிந்து கிடந்தன. மதகுக்குக் கிட்டிய கண்டங்கள் பெரும்பாலும் கடற்கரை ஊர்களிலிருந்த பெருநிலக்காரரான போடிமாருக்குச் சொந்தம். வாய்க்கால் முடியும் இடத்திலிருந்த கடைக்கண்டத்தில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று சிறிய மனிதர்கள் விதைத்தார்கள். கோடைச் செய்கையான சிறுபோகத்தில் குளம் வற்றிப்போகும் என்பதால் தண்ணீரை முறை வைத்தே விடுவோம். ஒரு முறைக்கு இத்தனை மணித்தியாலம்; பிறகு மதகை மூடிவிட்டு அடுத்த முறை வரையும் காத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறைக்கும் ஒரு படிவம் இருந்தது. அதன் கடைசி நிரலின் தலைப்பு: 'கடைக்கண்டம் சென்றடைந்த நேரம்.' மேற்பார்வையாளர் வாய்க்காலின் முடிவு வரை நேரில் போய்ப் பார்த்து அதை நிரப்ப வேண்டும் என்பது விதி. போவதும் வருவதுமாகப் பதினான்கு மைல். கட்டோரத்தில் யானையும் நிற்கும். ஆகையால் எனக்கு முன்னிருந்தவர்கள் ஒருவரும் போனதில்லை, நானும் போகவில்லை. அதற்குப் பதிலாக எங்களிடம் வேறொரு வழக்கம் இருந்தது. அந்த வழக்கத்தை நடத்தியவர் மதகுக் காவலர்.

அன்னார் காரைதீவைச் சேர்ந்தவர். நாட்சம்பளக்காரர். அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் எல்லோரும் மதகடி அண்ணன் என்றே கூப்பிட்டோம். முறை முடியும் நேரத்தில் கடைக்கண்டத்திலிருந்து யாராவது ஒருவர் மதகுக்கு வந்து சேர வேண்டும். வந்தவர் வாயைத் திறக்கும் முன்னர் இவர் குனிந்து அவருடைய காலைப் பார்ப்பார். முழங்கால் வரை சேறு ஒட்டியிருந்தால் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது, மதகை மூடலாம். கால் காய்ந்து கிடந்தால் மூட மாட்டார்.

நான் போன முதல் வாரத்தில் கடைக்கண்டத்துக்காரர் ஒருவரிடம், எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது என்று முறைப்படி விசாரித்து எழுத முற்பட்டேன். மதகடி அண்ணன் சிரித்தார்.

"தம்பி கொப்பியும் கையுமா வாறார். இஞ்ச என்ன பள்ளிக்கூடமா நடக்குது? முதல்ல காலப் பாப்பம். மறுகா கொப்பியப் பாப்பம்."

"எழுத்தில இரிக்கணும் அண்ண."

"எழுத்து மதகடியில இரிந்தும் வரும். சேறு அங்க போனாத்தான் ஒட்டும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. என்றாலும் அதன் பிறகு இரண்டு போகம் அவருடைய கண்ணை நம்பியே அந்த நிரலை நிரப்பினேன். ஒரு குறையும் வரவில்லை.

இனி இலக்குக்கு வருகிறேன். எங்கள் பொறியியலாளர் வெளி மாவட்டத்தவர், கண்டிப்பானவர். உங்களைப் போன்ற இளையவர்களில் அக்கறையும் உள்ளவர். ஒரு நாள் என்னுடைய படிவங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீர் இப்படியே இருந்தால் கடைசிவரைக்கும் தற்காலிகம்தான். என்னவாக வேணும், எப்ப ஆக வேணும் எண்டு எழுதி வையும். எழுதாத ஆள் நிண்ட இடத்திலயே நிப்பான்" என்று சொன்னார்.

அது நல்ல அறிவுரை. இன்றும் அதில் நான் குற்றம் காணவில்லை. பாவிக்காத படிவமொன்றின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதினேன். ஒன்று, நிரந்தர நியமனம். இரண்டு, தொழினுட்ப உத்தியோகத்தர் பரீட்சையில் சித்தி. மூன்று, தங்கச்சியின் வீடு.

மூன்றாவது வரியைப் பற்றி வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சொல். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பது வாப்பாவின் கடமை. வாப்பா இல்லாவிட்டால் மூத்த சகோதரனான காக்காவின் கடமை. தங்கச்சிக்கு வீடு எழும்பாமல் காக்கா தன்னுடைய கலியாணத்தை நினைக்கவும் முடியாது. எங்கள் வளவில் சுவர் எழும்பிக் கூரையில்லாமல் இரண்டு மாரி நனைந்திருந்தது. வீட்டுக் கடன் நிரந்தர உத்தியோகத்தருக்கு மாத்திரமே கிடைக்கும். ஆகவே முதலாவது வரி நிறைவேறாமல் மூன்றாவது வரி இல்லை.

எண்பதுகளின் ஆரம்பத்தில் வந்த ஒரு சிறுபோகம். குளத்தில் தண்ணீர் குறைவு. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் போடிமாரும் கமக்காரரும் சத்தம் போட்டு ஓய்ந்த பின்னர், முறைகளை இறுக்கமாக வைத்து நேரத்துக்கு மூடினால் எல்லாக் கண்டமும் தப்பும் என்று கணக்குப் பார்த்துத் தீர்மானித்தோம். அதே வேளையில் நிரந்தர நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதமும் எனக்கு வந்தது. பொறியியலாளர் என்னை அழைத்து, "இந்தப் போகம் நேரசூசிப்படி நடந்தால் என்ர சிபாரிசு போகும். ஒரு முறையும் பிந்தக் கூடாது" என்றார்.

அன்று தொடக்கம் என்னுடைய கண் மணிக்கூட்டிலேயே இருந்தது. முதல் நான்கு முறையும் சரியான நேரத்துக்கு மூடினோம். கடைக்கண்டத்துக்காரர் கணுக்கால் சேற்றோடு வந்தபோதும், "போதும்தானே அண்ண" என்றேன். மதகடி அண்ணன் அரைமனதோடு மூடினார்.

ஐந்தாவது முறை ஒரு வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு முடிய வேண்டியிருந்தது. பயிர் குடலை தள்ளும் பருவம். கதிர் தாளுக்குள்ளே இருக்கும். இந்த நேரத்தில் தண்ணீர் தப்பினால் வெளியே வருவது பதர்தான். அன்று நாலு மணிக்கே அம்பாறை மாவட்ட அலுவலகத்துக்குப் போகும் ஜீப்பில் என் நியமனக் கோவையும் போவதாக இருந்தது. ஐந்தாவது முறையின் படிவமும் அதில் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் கை பதறக் கூடாது என்று அந்தப் படிவம் முழுவதையும் காலையிலேயே நிரப்பிவிட்டேன். கடைசி நிரலில் 'பி.ப. 2.00' என்று எழுதினேன். தண்ணீர் அந்த நேரத்துக்குப் போய்விடும் என்ற நம்பிக்கையில்தான் எழுதினேன்.

மூன்றரை மணிக்கு அசனார் காக்கா சைக்கிளில் வந்து இறங்கினார். கடைக்கண்டத்தில் மூன்று ஏக்கர் குத்தகைக்குச் செய்தவர். மெலிந்த மனிதர், பகிடிக்காரர். அன்று பகிடி இல்லை.

"மச்சான், காலப் பாரு" என்று மதகடி அண்ணனிடம் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, "தம்பி, நீங்களும் பாருங்க. ஈரம் இரிக்கா?" என்றார்.

கால் வெளுத்துக் கிடந்தது. குதிக்கால் வெடிப்பெல்லாம் புழுதி.

"ஆறாம் மைல் கட்டையோட தண்ணி நிண்டுட்டு. வாய்க்கால் வெடிச்சுக் கிடக்கு; போற தண்ணியெல்லாம் அதுதான் குடிக்குது. இன்னும் மூணு மணித்தியாலம் விட்டாப் போதும். வந்திரும்."

என் மணிக்கூட்டில் நேரம் மூன்றே முக்கால். ஜீப்பின் இயந்திரம் பக்கத்திலிருந்த அலுவலக வாசலில் ஓடிக்கொண்டிருந்தது.

"காக்கா, நீங்க ஏழு மைல் சைக்கிள்ல வந்திரிக்கிங்க. இந்த வெயிலுக்குக் கால் காயாதா?" என்று கேட்டேன்.

தம்பிமாரே, இந்தக் கேள்வியை நான் வாழ்நாளில் மறக்கவில்லை. அது அறிவுள்ள கேள்வி போலவே இருந்தது.

மதகடி அண்ணன் அசனார் காக்காவின் காலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "சேறும் காயும் தம்பி. ஆனா காஞ்ச சேறு கால விட்டுப் போகாது. இது புழுதி. ஊதினாப் பறக்கும்."

"நேரம் நாலாகுது. மூடுங்க அண்ண."

"நான் மூட மாட்டன்."

"அப்ப நான் பொறியியலாளர் ஐயாவுக்கு என்ன சொல்லுற?"

"கால் காஞ்சு கிடக்கு எண்டு சொல்லுங்க."

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அவர் எழுந்து மதகைச் சுழற்றும் இரும்புப் பிடியை என் பக்கம் நீட்டினார். "அப்ப இந்தாங்க. உங்கட கையால மூடுங்க."

வாங்கி மூடினேன். பிடி வெயிலில் சுட்டது. அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். படிவத்தை ஜீப்பில் கொடுத்தேன். அசனார் காக்கா சைக்கிளைத் திருப்பினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழமைபோல ஊருக்குப் போனேன். ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி உள்ளேயிருந்து, "உம்மா, அரசாங்க உத்தியோகத்தர் வாறார். இரிக்கக் கதிரையத் துடைச்சுப் போடுங்க" என்று கேலி செய்தாள். உம்மா சிரிக்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து, "மகன், மாப்பிள்ளை வீட்டாக்கள் வந்து போனாங்க. ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பொறகு கூரை ஏறின வீட்டத்தான் பாக்க வருவாங்களாம். இல்லாட்டி வேற இடம் பாப்பாங்களாம்" என்றார். உள்ளே சத்தம் நின்றுபோயிற்று.

"ஏறும் உம்மா" என்றேன்.

நான் சோறு தின்றுகொண்டிருந்த அந்தப் பகலில் குளத்தடியில் நடந்ததைச் சனிக்கிழமை அலுவலகத்துக்குப் போன பிறகே அறிந்தேன். வெள்ளி காலையில் மதகடி அண்ணன் தாமாகவே மதகைத் திறந்திருக்கிறார். தண்ணீர் கடைக்கண்டத்துக்குப் போய்ச் சேர அரை நாளாகும். அது பாதி தூரம் போவதற்குள் பொறியியலாளரின் ஜீப் அந்த வழியாக வந்துவிட்டது. முறையில்லாத நாளில் மதகு திறந்திருக்கக் கண்டு, அங்கேயே நின்று மூட வைத்திருக்கிறார்.

"ஆர் திறக்கச் சொன்னது?" என்று என்னைக் கேட்டார்.

"நான் சொல்லல்ல ஐயா." இது உண்மை.

"கடைக்கண்டத்துக்கு ரெண்டு மணிக்கே தண்ணி போனதெண்டு நீர் எழுதியிருக்கிறீர். அப்ப இவர் ஆருக்குத் திறந்தவர்? போடிமார் ஆரும் கையில ஏதும் வச்சிட்டாங்களோ?"

இந்த இடத்தில் நான் ஒரு வசனம் சொல்லியிருக்க வேண்டும். 'ஐயா, அந்த நேரத்தை நான் காலையிலேயே எழுதிவிட்டேன்.' இவ்வளவுதான். சொன்னால் என் சிபாரிசு திரும்பி வரும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தேன்: 'மேற்படி மதகு, முறை முடிவுற்ற பின்னர், எவரது அனுமதியுமின்றித் திறக்கப்பட்டுள்ளது.' அந்த வசனத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

திங்கட்கிழமை விசாரணை. அலுவலக விறாந்தையில் ஒரு மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் பொறியியலாளரும் எழுத்து வேலை பார்க்கும் ஒரு லிகிதரும். மதகடி அண்ணன் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரைச் சேட்டோடு நான் கண்டது அன்றுதான். என்னுடைய கடிதத்தை லிகிதர் வாசித்தார்.

"இது சரியோ?"

"தம்பி எழுதினது சரி ஐயா. நான்தான் திறந்தன்."

"ஏன் திறந்தீர்?"

"கால் காஞ்சு கிடந்திச்சு ஐயா."

"என்ன கால்?"

"அசனார்ர கால்."

பொறியியலாளர் லிகிதரைப் பார்த்தார். லிகிதர் சிரிப்பை அடக்கினார். எங்கள் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. அந்த விறாந்தையில் அதை விளங்கப்படுத்தக் கூடிய ஒரே ஆள் நான். மதகடி அண்ணன் என் பக்கம் திரும்பினார். கெஞ்சும் பார்வையன்று, இனி நீ சொல்லுவாய்தானே என்ற பார்வை. எனக்கு நேர்முகப் பரீட்சை புதன்கிழமை. நான் கையிலிருந்த கோவையின் நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அவரை அன்றே நிறுத்திவிட்டார்கள். நாட்சம்பளக்காரரை நிறுத்துவதற்குக் கடிதம்கூடத் தேவையில்லை. போகும்போது இரும்புப் பிடியை என் மேசையில் வைத்தார். "பிடிக்குக் கொஞ்சம் எண்ணெய் விடணும் தம்பி. இறுகிப்போய்க் கிடக்கு" என்றார்.

புதன்கிழமை நேர்முகத்தில், உமது காலத்தில் ஒழுங்கீனம் ஏதும் நடந்ததா என்று கேட்டார்கள். நடந்தது, நான் அறிக்கையிட்டேன் என்றேன். பொறுப்புள்ளவர் என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். நியமனக் கடிதம் ஒரு மாதத்தில் வந்தது. முதலாவது வரியின் மேல் கோடு கீறினேன்.

அந்த மாதத்தில்தான் அசனார் காக்கா என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பிடி கதிர் வைத்திருந்தார். வெள்ளையாய் நிமிர்ந்து நின்ற கதிர். மணி பிடித்த கதிரென்றால் தலை சாயும்.

"தம்பி, அழிவுக்கு நிவாரணம் குடுக்கிறாங்களாம். தண்ணி வரல்ல எண்டு நீங்க ஒரு துண்டு எழுதித் தரணுமாம்."

"பதிவில வந்ததெண்டு இரிக்கி காக்கா. நான் எப்பிடி மாத்தி எழுதுற?"

"பதிவில வந்த தண்ணி என்ட வயலுக்கு வரல்லியே."

நான் மேசையில் இருந்த தாள்களை அடுக்கினேன்.

"அப்ப ஒண்டு செய்யிங்க தம்பி. அந்தப் பதிவயே தாங்க. அத அறுத்து வீட்டுக்குக் கொண்டு போறன்."

அவர் மீண்டும் பகிடி விட்டதாக எண்ணி லிகிதர் சத்தமாகச் சிரித்தார். அசனார் காக்கா கதிரை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அடுத்த போகத்தில் அந்த மூன்று ஏக்கரையும் அவர் செய்யவில்லை. செங்கல் சூளையொன்றுக்கு மண் குழைக்கப் போனதாகச் சொன்னார்கள்.

தங்கச்சியின் வீட்டுக்குக் கூரை ஏறியது. கலியாணம் நடந்தது. மூன்றாவது வரியின் மேல் கோடு கீறினேன். பரீட்சைக்குச் சிமினி விளக்கில் இருந்து படித்தேன் என்றெல்லாம் எழுத விருப்பமில்லை. எல்லோரும் அப்படித்தான் படித்தார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் அதிலும் சித்தியடைந்தேன். அந்தத் தாளில் கோடு கீறாத வரி ஒன்றும் மிச்சமில்லை.

அதன் பிறகு என்னை அதே குளத்துக்குத் தொழினுட்ப உத்தியோகத்தராக அனுப்பினார்கள். பொறியியலாளர் மாறியிருந்தார். சிறுபோகத்துக்கான கண்டங்களின் பட்டியலைக் கையில் எடுத்தபோது அதில் கடைக்கண்டம் இல்லை. கோவையைத் தேடி எடுத்தேன். காரணம் இரண்டு வரியில் எழுதப்பட்டிருந்தது: 'நீர் உரிய நேரத்தில் சென்றடைந்தும் விளைச்சல் கிடைக்கவில்லை. மண் சிறுபோகச் செய்கைக்குப் பொருத்தமற்றது.' ஆதாரமாக ஒரு படிவம் இணைக்கப்பட்டிருந்தது. பி.ப. 2.00. கீழே என்னுடைய நேரான கையெழுத்து.

அந்த ஒரு வியாழக்கிழமையோடு முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். அந்தப் படிவமோ நான் இல்லாத வருடங்களிலும் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு சிறுபோகத்திலும் அதைப் புரட்டிப் பார்த்து, அங்குள்ளவர்களுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். மண்ணில் ஒரு குறையும் இல்லை.

உண்மையை எழுதி, புதிய பொறியியலாளரிடம் கொண்டு போனேன். அவர் முழுவதையும் வாசித்தார். நல்ல மனிதர். "இதப் பாரமெடுத்துப் பதிஞ்சா உங்கட முதல் நியமனமே கேள்வியாகும். அதுக்குப் பிறகு வந்ததெல்லாம் அதுக்கு மேலதானே நிக்குது? யோசிச்சுப் போட்டு நாளைக்குத் தாங்க" என்று என்னிடமே திருப்பித் தந்தார். அப்போது எனக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். மறுநாள் நான் அதைக் கொண்டு போகவில்லை. அதற்கடுத்த நாளும் கொண்டு போகவில்லை. அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது அந்த நிலத்தில் தேக்கு நட்டிருக்கிறார்கள்.

தம்பிமாரே, இலக்கு எழுத வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வறிய வீட்டுப் பிள்ளைக்கு அதைவிட வேறு ஏணி இல்லை, எனக்கும் இருக்கவில்லை. என்னுடைய இலக்குகளில் ஒன்றும் கெட்டதன்று. தங்கச்சிக்கு வீடு கட்ட நினைத்தவனை எவரும் பேராசைக்காரன் என்று சொல்லப் போவதில்லை. பிழை விட்ட இடம் வேறு. என்னுடைய உயர்வு எந்த அறிக்கையில் தங்கியிருந்ததோ, அதே அறிக்கையை நானே தனியாக எழுதினேன். அப்படியொரு நாள் உங்களுக்கும் வரும். அன்று பேனையை இன்னொருவர் கையில் கொடுங்கள்; அல்லது பதினான்கு மைலையும் நடந்துவிட்டு எழுதுங்கள். விசாரணை மேசைக்கு முன்னால் ஒரு மனிதர் உங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தால், கோவையின் நாடாவைக் கட்டிக்கொண்டிராதீர்கள். அந்த நேரம் மிகவும் குறுகியது. நான் முடிச்சைப் போட்டு நிமிர்வதற்குள் அது போய்விட்டது.

மதகடி அண்ணனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவரிடம் போக வேண்டும் என்று பல தடவை நினைத்தேன். முதலில் வெட்கம் விடவில்லை. பிறகு எண்பதுகளின் நடுவில் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையில் பகை வந்து, பக்கத்து ஊரான காரைதீவு எங்களுக்குத் தூர தேசமாயிற்று. அந்த வருடங்களில் வெட்கத்துக்கு எனக்கு நல்ல சாட்டு கிடைத்தது.

பகை ஓய்ந்து பாதை திறந்தது. அந்தக் கடிதத்தை நான் கொடுக்காமல் வைத்துக்கொண்ட பின்னர் ஒரு நாள் கல்முனை பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். காலை நேரம். வலைக்குப் போடும் ஈயக்குண்டுப் பொதியொன்றோடு வாங்குப் பலகையில் இருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. நான் விலகிப் போய்விடலாமா என்று யோசிப்பதற்குள் அவர் கண்டுவிட்டார். வழமைபோல முதலில் என் காலைத்தான் பார்த்தார்.

"ஆ, தம்பி! சப்பாத்தெல்லாம் போட்டிரிக்கிங்க. பெரிய ஆளாயிட்டிங்க போல."

"தொழினுட்ப உத்தியோகத்தர் அண்ண."

"நல்லம், நல்லம். தங்கச்சிட வீடு முடிஞ்சிதா?"

அந்த வீட்டைப் பற்றி அவருக்கு எப்போது சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அவர் நினைவில் வைத்திருந்தார்.

"முடிஞ்சிது அண்ண. ரெண்டு பிள்ளைகளும் இரிக்கி."

அவர் தலையாட்டினார். என் வாயில் ஒரு வசனம் வந்து நின்றது. அதற்குள் அக்கரைப்பற்று பஸ் வந்துவிட்டது. பொதியைத் தோளில் தூக்கிக்கொண்டு எழுந்தவர், படியில் ஒரு கால் வைத்தபடி திரும்பினார்.

"இப்ப கடைக்கண்டத்துக்குத் தண்ணி ஒழுங்காப் போகுதா தம்பி?"

"ஓம் அண்ண," என்றேன். "போகுது."

"அப்ப சரி" என்றார். மிகுந்த நிம்மதியோடு சொன்னார். பஸ் போய்விட்டது.